என் பெயரை யார் அழித்தார்கள்? – இயற்பியல் ஆய்வு மாணவி ஒருவருக்குப் பதில்

வாசகியின் கடிதம் (சுருக்கம்)

ஐயா, நான் கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முதுகலை ஆய்வு செய்கிறேன். தமிழ்ப்பள்ளியில் படித்தவள். ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்றும், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசுப் படிப்பான மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லை. ஆறாம் படிவம் படித்து, அதன் இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம். எழுதி வந்தேன். எங்கள் ஆய்வுக் குழுவில் எட்டுப் பேர். இந்தியர் நான் ஒருத்திதான். எக்ஸ் கதிரால் படிக அமைப்பை அளக்கும் எக்ஸ்ஆர்டி கருவியின் முன்பதிவுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதிய என் பெயர் மூன்று முறை அழிக்கப்பட்டு, மேலே வேறு பெயர் எழுதப்பட்டிருந்தது. ஒரு மாநாட்டுக் கட்டுரைக்கான 24 துத்தநாக ஆக்சைடு மென்படல மாதிரிகளில் 14 மாதிரிகளை நான் தயாரித்தேன். என் பெயர் நான்காவதாக வந்தது. "இந்தியப் பெண்கள் டாக்டருக்கோ வக்கீலுக்கோதானே படிப்பார்கள், நீ எப்படி இங்கே வந்தாய்?" என்று மூத்த ஆய்வாளர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் சிரித்துக்கொண்டே கேட்டார். கூட்டக் குறிப்பு எழுதுவதும் விருந்தினருக்குத் தேநீர் ஏற்பாடு செய்வதும் என் வேலையாகிவிட்டன. தமிழ்ப்பள்ளி மாணவர்கள் ஆய்வுக்கூடம் பார்க்க வந்தால் அவர்களை அழைத்துச் செல்வதும் நான்தான். இது இனப் பாகுபாடா, அல்லது நான்தான் அதிகமாக யோசிக்கிறேனா? வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது பெயரில் தந்தை பெயருக்கு முன் வரும் 'ஏ/பி'யை எடுத்துவிடலாமா? அங்கே போனால் இந்தத் தொல்லை இருக்காதா? புகார் கொடுத்தால் என் பட்டம் தடைபடுமா?

பதில்

அன்புள்ள வாசகிக்கு வணக்கம்.

உங்கள் மேற்பார்வையாளரும் அந்த மூத்த ஆய்வாளரும் எந்த இனத்தவர் என்று கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அச்சுக்குத் தரும்போது அந்த இரண்டு சொற்களையும் நான் நீக்கிவிட்டேன். உங்களை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பது ஒரு காரணம். பினாங்கில் நான் இயற்பியல் கற்பித்த 32 ஆண்டுகளில் இதே குறையை, ஏறக்குறைய இதே சொற்களில், ஒரு மலாய் மாணவரும் ஒரு சீன மாணவியும் என் அறைக்கு வந்து சொல்லியிருக்கிறார்கள் என்பது மற்றொரு காரணம். குழுவில் யாருடைய எண்ணிக்கை அதிகமோ, யாருடைய மொழி தேநீர் மேசையின் மொழியோ, அவர்களுக்கு வழி தானாகக் கிடைத்துவிடுகிறது. அது கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள் என்ற நினைப்பே அவர்களுக்கு வருவதில்லை.

இதை நான் குற்றமற்றவனாக நின்று சொல்லவில்லை. ஒரு காலத்தில் என்னிடம் நான்கு பேர் ஆய்வு செய்தார்கள். இருவர் தமிழர், ஒருவர் சரவாக்கிலிருந்து வந்த, ஈபான் என்ற பூர்வகுடியைச் சேர்ந்த இளைஞர். மாலை ஐந்து மணிக்கு மேல் வளாகத்துக்கு வெளியே இருந்த ஒரு கடையில் நானும் தமிழ் மாணவர்கள் இருவரும் தே தாரிக் குடிப்போம். பேச்சு தமிழில் நடக்கும். வெற்றிடக் கலனில் கசிவு எங்கே, அடுத்த வாரம் எந்த மாதிரியை அளப்பது, கட்டுரையை எந்த ஆய்விதழுக்கு அனுப்புவது என்பதெல்லாம் அந்த மேசையிலேயே முடிவாகிவிடும். ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அந்த ஈபான் மாணவர் இரண்டு வாரம் உழைத்துத் தயாரித்த ஒரு யோசனையை எடுத்து வைத்தார். "அதைத்தான் அன்றைக்கே வேண்டாம் என்று விட்டுவிட்டோமே" என்று நாங்கள் மூவரும் ஒரே குரலில் சொன்னோம். "எப்போது?" என்று கேட்டார் அவர். எங்களில் யாருக்கும் அவர்மேல் துளி வெறுப்புக் கிடையாது. ஆனாலும் அவருடைய இரண்டு வாரம் வீணானது. நாங்கள் வெறுத்திருந்தாலும் அதே இரண்டு வாரம்தான் வீணாகியிருக்கும். மறுநாளிலிருந்து, எடுத்த முடிவு எதுவானாலும் வெண்பலகையில் தேதியுடன் மலாயில் எழுதிவிட வேண்டும் என்று ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். என் மனம் மாறிவிட்டதா என்று யாரும் சோதிக்கத் தேவைப்படவில்லை. பலகையைப் பார்த்தாலே போதும்.

உங்கள் முதல் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய பதில் இந்த அனுபவத்திலிருந்து வருவதுதான். "இது இனப் பாகுபாடா?" என்ற கேள்வியை, "அவர்கள் மனத்தில் என்ன இருக்கிறது?" என்ற கேள்வியாக மாற்றிக்கொண்டால் நீங்கள் ஆண்டுக்கணக்கில் இரவில் விழித்திருப்பீர்கள், விடை கிடைக்காது. உங்கள் கடிதத்தில் மூன்று வேறுபட்ட செய்திகள் கலந்திருக்கின்றன. டாக்டர், வக்கீல் என்று சொன்ன பேச்சு ஒன்று. அது உங்கள் இனத்தையும் பாலினத்தையும் வைத்துச் சொல்லப்பட்டது, சிரித்துக்கொண்டு சொன்னதால் அதன் தன்மை மாறாது, அதை மதிப்பிட எந்தக் கணக்கும் வேண்டாம். (நம் கல்யாண வீடுகளிலும் இதே கேள்வியை இன்னும் உரத்த குரலில் கேட்கிறார்கள் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. "இயற்பியல் படித்து என்ன வேலைக்குப் போகப் போகிறாய்?" என்று என் மாமா கேட்டது அரை நூற்றாண்டுக்கு முன், என் மாணவிகளின் மாமாக்கள் இன்றும் கேட்கிறார்கள்.)

முன்பதிவுப் புத்தகம் வேறு வகை. உங்கள் பெயர் மூன்று முறை அழிக்கப்பட்டது என்பது ஓர் அளவீடு மட்டுமே. மற்ற ஏழு பேரின் பெயர்கள் எத்தனை முறை அழிக்கப்பட்டன என்பது தெரியாமல் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்பதை ஓர் இயற்பியல் மாணவிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் புத்தகத்தை எடுத்து, கடந்த ஆறு மாதப் பக்கங்களைப் பாருங்கள். ரப்பரால் அழித்தாலும் பென்சில் அழுந்திய பள்ளம் தாளில் இருக்கும். கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பழைய பெயரைப் படித்துவிடலாம். யாருடைய பெயர், எந்தத் தேதி, மேலே யாருடைய பெயர் என்று ஒரு பட்டியல் போடுங்கள். எல்லோருடைய பெயரும் அழிக்கப்பட்டிருந்தால் அது சீர்கெட்ட நிர்வாகம். முதலாண்டு மாணவர்களின் பெயர்கள் மட்டும் அழிக்கப்பட்டிருந்தால் மூத்தோரின் அதிகாரம். உங்கள் பெயர் மட்டும் என்றால் அப்போது பேச வேண்டிய பேச்சு வேறு. நீங்கள் பட்ட வேதனைக்கு இந்தக் கணக்கு எதுவும் சான்றாகத் தேவையில்லை. துறைத் தலைவரின் அறைக்குள் போவதற்குத்தான் தேவை.

நம்மவர்கள் மேடைதோறும் சொல்லும் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் வாழ்க்கையில், நோக்கம் தெளிவில்லாதது, நோக்கம் வெளிப்படையானது என்ற இரண்டு வகையும் அடுத்தடுத்து நடந்தன. 1930-இல், 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய அவர், எரிபொருள் தீர்ந்த விண்மீன் ஒன்று சுருங்கி, வெண்குறுமீன் என்ற சிறிய, அடர்ந்த விண்மீனாக நிலைத்திருக்க வேண்டுமானால் அதன் நிறைக்கு ஒரு மேல்வரம்பு உண்டு என்று கணக்கிட்டார். சூரியனின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று இன்று நாம் பாடத்தில் படிக்கும் வரம்பு அது. 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் அவர் பேசி அமர்ந்ததும், அக்காலத்தின் மிகப் பெரிய வானியலாளரான ஆர்தர் எடிங்டன் எழுந்து அந்த முடிவைக் கேலி செய்தார்; அவை சிரித்தது. இதை இனவெறிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. ஜேம்ஸ் ஜீன்ஸ், எட்வர்ட் மில்ன் ஆகிய ஆங்கிலேய வானியலாளர்களோடும் எடிங்டன் ஆண்டுக்கணக்கில் கடுமையாக மோதியவர். சந்திரசேகரோ அவரோடு நட்பை விடாமல், 1982-இல் கேம்பிரிட்ஜில் அவருடைய நூற்றாண்டுச் சொற்பொழிவுகளையும் ஆற்றினார். அந்த நிகழ்ச்சியில் ஐயத்துக்கு இடமில்லாத பகுதி வேறொன்று. சந்திரசேகரின் கணக்கே சரி என்று நீல்ஸ் போர், வொல்ஃப்காங் பௌலி போன்ற பெரிய இயற்பியலாளர்கள் தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டார்கள். பொதுவில் எழுந்து சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. நோபல் பரிசு வந்தது 1983-இல்.

அவர் அமெரிக்கா சென்று சிக்காகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு, 1930களின் இறுதியில் நடந்தது இதற்கு நேர் எதிரான வகை. அவர் வளாகத்தில் வகுப்பு நடத்தக் கூடாது என்று புல முதல்வர் ஒருவர் அவருடைய தோல் நிறத்தைக் காரணம் காட்டித் தடுத்தார். பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் தலையிட்டு, சந்திரசேகரே வகுப்பு நடத்துவார் என்று முடித்துவைத்தார். முதல் நிகழ்ச்சியில் நோக்கம் தெளிவில்லை, அங்கே தேவைப்பட்டவர்கள் வாய் திறக்கும் சாட்சிகள். இரண்டாவதில் நோக்கம் வெளிப்படை, அங்கே தேவைப்பட்டது அதிகாரம் உள்ள ஒருவரின் ஒரு வரி உத்தரவு. உங்கள் நிலைமையில் எதற்கு எது வேண்டும் என்பதை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். அந்த மூத்த ஆய்வாளர் அப்படிப் பேசியபோது அறையில் இருந்தவர்களில் ஒருவராவது முகம் சுளித்திருப்பார், அவர் எந்த இனத்தவராயினும் அவரிடம் போய், "அடுத்த முறை இப்படிப் பேச்சு வந்தால் நீங்களும் ஒரு வார்த்தை சொல்வீர்களா?" என்று கேளுங்கள். நீங்களே பதில் சொல்வதாக இருந்தால் நீளமாகச் சொல்ல வேண்டாம், "ஏன் அப்படிக் கேட்கிறீர்கள்?" என்று அமைதியாகத் திருப்பிக் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அந்தக் கேள்விக்கு விளக்கம் சொல்லி முடித்த யாரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

கட்டுரையில் பெயர் வரிசைக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் உங்கள் கடிதத்தில் மிக முக்கியமானது இதுதான், நீங்களோ இரண்டு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். துகள் இயற்பியலில் பெயர்களை அகர வரிசையில் போடுவார்கள். 2015-இல் ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி வந்த ஒரு கட்டுரையில் 5,154 பெயர்கள் இருந்தன, அங்கே நான்காவது பெயருக்கு எந்தப் பொருளும் இல்லை. திண்மப் பொருள்கள் போன்றவற்றின் பண்புகளை ஆராயும் உங்களுடைய செறிபொருள் இயற்பியலில் அப்படி அல்ல. முதல் பெயர் வேலையின் பெரும்பகுதியைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் குழுத் தலைவருடையது, நடுவில் இருப்பவர்களை உதவியவர்கள் என்றுதான் விண்ணப்பங்களைப் படிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஓர் ஆய்வின் கருத்து, வடிவமைப்பு, செயலாக்கம், விளக்கம் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க பங்களித்தவர்களே ஆசிரியர்களாக இருக்க வேண்டும், அப்படிப் பங்களித்த எல்லோருக்கும் அந்த வாய்ப்புத் தரப்பட வேண்டும் என்று அமெரிக்க இயற்பியல் கழகத்தின் நெறிமுறை சொல்கிறது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 24 மாதிரிகளில் 14-ஐத் தயாரித்தது பெரிய உழைப்பு. ஆனால் அது மட்டுமே முதலிடத்துக்கு உரிமை தந்துவிடாது. எந்த அளவீட்டை எடுப்பது என்று முடிவு செய்தவர் யார், தரவைப் பகுத்தவர் யார், முதல் வரைவை எழுதியவர் யார் என்பவையும் எடையில் சேரும். எனவே, "என் பெயர் ஏன் நான்காவது?" என்று கேட்காமல், மேற்பார்வையாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். நீங்கள் செய்த வேலைகளைத் தேதியோடு வரிசையாகக் குறிப்பிட்டு, "மாநாட்டுக் கட்டுரையை விரித்து ஆய்விதழுக்கு அனுப்பும்போது ஆசிரியர் வரிசையை மீண்டும் பேசலாமா? முதல் ஆசிரியராக வருவதற்கு நான் இன்னும் என்ன பொறுப்பை ஏற்க வேண்டும்?" என்று முடியுங்கள். இதற்கு எழுத்தில் வரும் பதில், அது எப்படிப்பட்டதாக இருந்தாலும், உங்களுக்குப் பயன்படும். பதிலே வராவிட்டால் அதுவும் ஒரு பதிவுதான். இனி வரும் கட்டுரைகளுக்குச் சோதனை தொடங்கும் முன்பே வரிசையைப் பேசிவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்ய வேண்டியிருந்தது, செய்யாத ஒவ்வொரு முறையும் மனக்கசப்பில் முடிந்தது.

கூட்டக் குறிப்பும் தேநீரும் எளிய செய்தி. அடுத்த கூட்டத்தில், "இந்த வேலையைச் சுழற்சி முறையில் வைத்துக்கொள்வோம், அகர வரிசையில் அடுத்தது யார்?" என்று நீங்களே ஒரு தாளை நீட்டிவிடுங்கள். பெரும்பாலான குழுக்களில் இதற்கு எதிர்ப்பே வராது.

இனி உங்கள் பெயர். பெயரைப் பார்த்து மதிப்பிடுவார்கள் என்ற உங்கள் அச்சம் கற்பனை அல்ல. 2020-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், எட்டுப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 251 இயற்பியல், உயிரியல் பேராசிரியர்களிடம் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணிக்கான ஒரே தன்விவரக் குறிப்பைக் கொடுத்தார்கள். மேலே இருந்த பெயர் மட்டும் ஆளுக்கு ஆள் மாறியது. இயற்பியல் பேராசிரியர்கள் பெண் பெயரைவிட ஆண் பெயருக்கு அதிகத் தகுதி உண்டு என்றும், கருப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர் பெயர்களைவிட வெள்ளையர், ஆசியர் பெயர்கள் வேலைக்கு ஏற்றவை என்றும் மதிப்பிட்டார்கள். தாளில் இருந்த கல்வியும் கட்டுரைகளும் எல்லோருக்கும் ஒன்றே. இதில் நமக்கு ஒரு விந்தை இருக்கிறது. கோலாலம்பூரில் "இந்தியப் பெண்ணுக்கு இயற்பியல் எதற்கு?" என்று கேட்கப்படும் அதே நீங்கள், அங்கே "ஆசியர்தானே, கணக்கு நன்றாக வரும்" என்று பேசப்படலாம். இரண்டு மதிப்பீட்டிலும் உங்கள் துத்தநாக ஆக்சைடு மென்படலத்தை யாரும் பார்க்கவே இல்லை.

இதற்கு மருந்து தேடியவர்கள் பேராசிரியர்களின் மனத்தைத் திருத்துவதில் தொடங்கவில்லை. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியில் நேரம் கேட்டு வரும் விண்ணப்பங்களில் பெண்கள் தலைமையேற்றவை ஆண்டுதோறும் சற்றுக் குறைவான விகிதத்திலேயே தேறிவந்தன. 2018-இல் விண்ணப்பித்தவர்களின் பெயர்களைத் தேர்வுக் குழுவுக்குக் காட்டாமல் மறைத்தார்கள். "நாங்கள் முன்பு கண்டறிந்தோம்" என்று எழுதக் கூடாது, எல்லோருடைய பழைய கட்டுரையையும் அயலாரின் கட்டுரையைப் போலவே எண் போட்டுச் சுட்ட வேண்டும் என்று விண்ணப்ப மொழியையும் மாற்றினார்கள். அந்தச் சுற்றில் பெண்களின் விண்ணப்பங்களில் 8.7 விழுக்காடும் ஆண்களுடையவற்றில் 8.0 விழுக்காடும் தேறின. இது பாலினத்தைப் பற்றிய கணக்கு, இனத்தைப் பற்றியது அல்ல என்பது உண்மை. ஆனால் நடைமுறையை மாற்றினால் விளைவு மாறும் என்பதற்கு என் கையில் இருக்கும் சான்றுகளில் இதைப்போல் தெளிவானது குறைவு. உங்கள் ஆய்வுக்கூடத்தின் பென்சில் புத்தகத்துக்குப் பதிலாக யார் எப்போது பதிந்தார்கள், யார் மாற்றினார்கள் என்று காட்டும் இணைய நாட்காட்டி ஒன்றை வைக்கலாம் என்று நான் சொல்வதும் இதே காரணத்தால்தான். செலவில்லை, யாரையும் குற்றம் சாட்ட வேண்டியதுமில்லை.

'ஏ/பி' பற்றி என் கருத்து வெளிப்படையானது: ஆய்வுக் கட்டுரையிலும் தன்விவரக் குறிப்பிலும் அது தேவையில்லை. 'அனாக் பெரெம்புவான்', அதாவது 'மகள்' என்ற உறவைக் குறிக்கப் பதிவு அலுவலகம் போட்ட சுருக்கம் அது. உங்கள் அம்மா உங்களைக் கூப்பிடும் பெயரில் அது இல்லை. அதை விடுவதால் நீங்கள் எதையும் மறைத்தவராக மாட்டீர்கள். மேலும், வெளிநாட்டுத் தரவுத்தளங்களுக்கு இந்த எழுத்துகள் புரிவதில்லை. 'ஏ/பி' என்பதையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு ஒரே ஆளின் கட்டுரைகளை இரண்டு மூன்று பேருடையவையாகச் சிதறடித்துவிடும். கடவுச்சீட்டிலும் பட்டச் சான்றிதழிலும் உள்ள பெயரை மாற்ற வேண்டாம். விண்ணப்பப் படிவங்களில் அதை அப்படியே எழுதுங்கள். கட்டுரைகளுக்கு மட்டும் ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, ஆய்வாளருக்கான தனி அடையாள எண்ணான ஆர்சிட் எண் ஒன்றைப் பெற்று, கடைசிவரை அதே வடிவத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இனம் தெரியக் கூடாது என்பதற்காக உங்கள் பெயரையே ஓர் எழுத்தாகச் சுருக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நேர்காணலின் முதல் நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும் ஒன்றுக்காக அவ்வளவு பெரிய விலை எதற்கு? நம் வழக்கப்படி கட்டுரைகளில் தந்தையின் பெயரே நம் குடும்பப் பெயர் ஆகிவிடும். என் அப்பா பட்டர்வொர்த்தில் படகுகளுக்கு மூட்டை தூக்கியவர், மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். செருமானியர் ஒருவர் தம் கட்டுரையில் அவருடைய பெயரையும் ஓர் ஆண்டையும் போட்டு, அவர் சிலிக்கான் படலத்தைப் பற்றிச் சொன்னதை மறுத்து எழுதியிருந்தார். அதை அப்பாவிடம் காட்டினேன். "நான் என்ன தப்புப் பண்ணினேன்?" என்று கேட்டார்.

வெளிநாடு போனால் தொல்லை இருக்காதா என்று கேட்கிறீர்கள். போங்கள், ஆனால் அந்த நம்பிக்கையில் போகாதீர்கள். எட்வர்ட் பூஷே என்ற கருப்பின அமெரிக்கர் 1876-இல் யேல் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் அந்தப் பட்டம் பெற்ற முதல் கருப்பினத்தவர் அவரே. எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. பிலடெல்பியாவில் ஒரு பள்ளியில் 26 ஆண்டுகள் கற்பித்தார். அது பழங்கதை என்று விட்டுவிடவும் முடியாது. கருப்பின மாணவர்கள் இயற்பியலில் ஏன் இவ்வளவு குறைவு என்று அமெரிக்க இயற்பியல் நிறுவனம் அமைத்த குழு 2020-இல் அறிக்கை கொடுத்தது. அந்த மாணவர்கள் நிலைப்பதையும் விலகுவதையும் தீர்மானிப்பவையாக அது சுட்டிய ஐந்து காரணிகளில் முதலாவது, 'நான் இங்கே உரியவன்' என்ற உணர்வு. 'நான் ஓர் இயற்பியலாளர்' என்று தம்மைத் தாமே நினைக்க முடிவது, படிப்பில் உதவி, பணம் உள்ளிட்ட தனிப்பட்ட உதவி, தலைமையும் அமைப்பும் ஆகியவை மற்ற நான்கு. கணக்கில் பலவீனம் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே, எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் அந்தக் குழுவின் பழைய மாணவர்கள் இருவருக்குத் தனியே எழுதி, கட்டுரை வரிசை எப்படி முடிவாகிறது, கருவி நேரம் எப்படிப் பகிரப்படுகிறது, இடையில் விலகியவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பல்கலைக்கழகத்தின் புகழைவிட இந்த மூன்று விடைகள் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

இரண்டு வாய்ப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இத்தாலியின் டிரியெஸ்ட் நகரில் பாகிஸ்தானிய இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1964-இல் தொடங்கிய அனைத்துலகக் கோட்பாட்டு இயற்பியல் மையம், வளரும் நாடுகளின் மாணவர்களுக்காக உதவித்தொகையோடு ஓராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. செறிபொருள் இயற்பியலும் அதில் உண்டு, கோட்பாட்டுப் பக்கம் உங்களுக்கு நாட்டம் இருந்தால் விண்ணப்பியுங்கள். லாகூரில் ஆய்வுத் துணையில்லாத தனிமையைத் தாங்க முடியாமல் 1954-இல் கேம்பிரிட்ஜ் திரும்பியவர் சலாம்; நாட்டையா ஆய்வையா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை அடுத்தவர்களுக்கு வரக் கூடாது என்றுதான் அதை அமைத்தார். மற்றது, சீரான இடைவெளியில் துடிப்புகளை அனுப்பும் விண்மீனான பல்சாரைக் கண்டறிந்தும் 1974 நோபல் பரிசில் பெயர் சேர்க்கப்படாத ஜோசலின் பெல் பர்னல், 2018-இல் தமக்குக் கிடைத்த 30 லட்சம் டாலர் பரிசுத் தொகை முழுவதையும் கொடுத்து உருவாக்கிய நிதி. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இயற்பியலில் குறைவாக இடம்பெறும் பிரிவினர் முனைவர் ஆய்வு செய்வதற்கானது அது; தகுதி விதிகளை விண்ணப்பிக்கும் ஆண்டிலேயே படித்துப் பாருங்கள்.

புகார் கொடுப்பதைப் பற்றி. இனப் பாகுபாட்டைத் தடுக்கத் தனிச் சட்டம் ஒன்று மலேசியாவில் இல்லை. எல்லா வகை இனப் பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் சேருவதில்லை என்று 2018 நவம்பரில் அரசாங்கம் முடிவெடுத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். ஆனால் கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு, அரசியலமைப்பே அனுமதித்தவை தவிர, சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் ஆகியவற்றின் பேரில் சட்டமோ பொது அதிகார அமைப்புகளின் நியமனமோ பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. தனியார் நிறுவனங்களை அது அந்த அளவுக்குக் கட்டுப்படுத்தாது. எப்படியானாலும், கருவி நேரத்துக்காக நீதிமன்றத்துக்கு யாரும் போவதில்லை. உங்களுக்கு உதவப்போவது பல்கலைக்கழகத்தின் சொந்த விதிகள்தான். முதலில் மேற்பார்வையாளர், பிறகு துறையின் முதுநிலைப் படிப்பு ஒருங்கிணைப்பாளர், பிறகு புலத்தின் துணை முதல்வர் என்ற படிக்கட்டைத் தாண்டிக் குதிக்காமல் ஏறுங்கள். பட்டம் தடைபடுமா என்ற அச்சம் நியாயமானது. பழிவாங்கியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அதற்குக் காப்பு, ஒவ்வொரு பருவத்திலும் கையெழுத்தாகும் முன்னேற்ற அறிக்கை. 'திருப்திகரம்' என்று அவர்களே கையெழுத்திட்ட அறிக்கைகளின் நகல் உங்கள் வீட்டில் இருக்கட்டும்; புகாருக்குப் பிறகு திடீரென்று உங்கள் வேலை மட்டமாகிவிட்டது என்று சொல்வது அப்போது எளிதாக இராது. புகாரில் "இனவெறி" என்ற சொல்லை முதல் வரியில் வைக்காதீர்கள். தேதி, பக்கம், சொன்ன வார்த்தை, இருந்தவர்கள், நீங்கள் கேட்கும் மாற்றம் ஆகியவற்றை எழுதுங்கள். படிப்பவர் அந்தச் சொல்லுக்குத் தாமாக வந்து சேர்வார்.

மெட்ரிகுலேஷன் பற்றி நீங்கள் எழுதிய வரியில் இருந்த காயம் எனக்குப் புரிகிறது. மலாய்க்காரரும் பூர்வகுடியினருமான பூமிபுத்ராக்களுக்கு 90 விழுக்காடு, மற்றவர்களுக்கு 10 விழுக்காடு என்ற அந்த ஒதுக்கீட்டில் விடுபட்ட பிள்ளைகளின் பெற்றோர் ஆண்டுதோறும் என் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள், எஸ்.பி.எம்.மில் 10 ஏ பெற்றவர்களுக்கு இனம் பாராமல் இடம் தரப்படும் என்று 2024 ஜூனில் பிரதமர் அறிவித்தது உங்களுக்குப் பிந்தி வந்த மாற்றம். ஆனால் அது நாட்டின் கொள்கை; உங்கள் குழுவில் இருக்கும் ஏழு பேரும் அதை வகுத்தவர்கள் அல்லர், அவர்களில் சிலர் உங்களைப் போலவே ஆறாம் படிவத்தின் வழியே வந்திருக்கவும் கூடும். அந்தக் கணக்கை இந்தக் கணக்கோடு கூட்டினால் விடை பெரிதாகும், சரியாக இராது.

கடைசியாக, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள். அவர்களை அழைத்துச் செல்வது உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று அந்த வரியை நீங்கள் எழுதிய விதத்திலேயே தெரிகிறது. எனவே விட வேண்டாம். தமிழில் ஒருவர் படிக நிலையை விளக்கக் கேட்கும் பத்து வயதுப் பிள்ளை அடுத்த முறை 'இயற்பியலாளர்' என்ற சொல்லைக் கேட்கும்போது உங்கள் முகத்தை நினைக்கும். ஆனால் அதை "அவள்தானே இந்தியர், அவளே பார்த்துக்கொள்வாள்" என்ற இலவச வேலையாக விடாதீர்கள். துறையின் சமூகப் பணிப் பட்டியலில் உங்கள் பெயரும் மணிநேரமும் பதிவாகட்டும், தன்விவரக் குறிப்பில் ஏறட்டும், குழுவிலிருந்து இன்னொருவரும் உடன் வரட்டும். மலாயோ ஆங்கிலமோ, பிள்ளைகளுக்கு அதுவும் புரியும். பழைய குறுந்தகடு ஒன்றை உடைத்து அட்டைப்பெட்டிக்குள் ஒட்டி நிறமாலை காட்டுங்கள், உங்கள் விலையுயர்ந்த கருவிகள் எதையும்விட அதைத்தான் அவர்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கேட்பார்கள். இணைய நாட்காட்டி வரும்வரை அந்த வாரத்துக்கான எக்ஸ்ஆர்டி நேரத்தை மட்டும் முன்கூட்டியே, பேனாவால் எழுதிவிட்டுப் போங்கள்.